சிறு நிரலும் செய்குறிப்பும்

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, நெல்லைச் சீமையின் வயல்களை வளப்படுத்திய பின்னர், மன்னார் வளைகுடாவில் கடலொடு கலக்கின்றது. அக்கழிமுகத்தில் அமைந்த கடற்கரைச் சிற்றூர் புன்னக்காயல் என்பதாகும். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. முத்துக் குளித்தலாலும் மீன் பிடித்தலாலும் பெயர் பெற்ற இவ்வூருக்குத் தமிழ் அச்சு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு.

போர்ச்சுக்கல் நாட்டில் 1520-இல் பிறந்த என்றிக்கே என்றிக்கசு என்பார், 1546-இல் இந்தியாவிற்கு வந்தார். தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்று வழங்குவர். முத்துக்குளித்துறையை அடைந்து, புன்னக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்த அவருக்கு அவ்வூர் மக்களின் மொழி முற்றும் புதிது. அயல்நாட்டார் ஒருவர் தமிழைக் கற்பதற்கு ஏற்ற இலக்கணநூல் ஒன்றும் அவருடைய மொழியில் அப்பொழுது இல்லை. ஆதலின், மக்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்பது எங்ஙனம், வினைச்சொல் காலம் காட்டுவது எங்ஙனம் என்பவற்றை அவர் தாமே வகுத்துக் குறித்து வைத்தார். 1549-ஆம் ஆண்டளவில் அக்குறிப்புகள் ஓர் இலக்கணமாக உருப்பெற்றன. புலவர்தம் நூல்வழக்கைக் காட்டிலும் கடற்கரை மக்களின் பேச்சு வழக்கே அதன்கண் மிகுதியாக உள்ளது. அதன் கையெழுத்துப்படி லிசுபன் நகர நூலகத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு ஆர்வர்டு பல்கலைக்கழக வாயிலாக 2013-இல் வெளிவந்தது.

அடிகளாரின் தமிழ் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலில் கோவாவில் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் காணப்படுகின்றன. 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் புன்னக்காயலிலேயே அச்சிடப்பட்டது என்பர் ஆராய்ச்சியாளர்.

இச்செய்தியில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரத்தின் குறிலும் நெடிலும் வடிவத்தால் வேறுபட்டில. படிப்போர் இடம் நோக்கி அவற்றைப் பிரித்து உணர்ந்தனர். தமிழர்க்கு இஃது எளிது, புதியவர்க்கோ அரிது. அறிந்தவர் சொல்லாமலே விட்டவற்றையெல்லாம் புதியவரின் பொருட்டு ஒருவர் எழுதி வைத்தல் வேண்டியிருந்தது. அப்பணியையே அடிகளாரின் குறிப்புகள் செய்தன.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ் கற்க வேறொரு புதியவர் வந்தார். அவர் மனிதர் அல்லர், கணிப்பொறியே அப்புதியவர். அதற்குத் தமிழைக் கற்பிக்க எழுதப்பட்டவை நிரல்கள். அந்நிரல்களைப் பற்றி எழுதி வைக்கப்பட்டவை செய்குறிப்புகள்.

நிரல் என்பது யாது?

கணிப்பொறி விரைந்து செய்யும் ஆற்றல் உடையது. தானே கருதி உணரும் ஆற்றல் உடையதன்று. இன்னதைச் செய், அதன்பின் இன்னதைச் செய், இவ்வாறாயின் இதனைச் செய், அன்றாயின் அதனைச் செய் என்று படிப்படியாக ஆணையிட்டாலன்றி அது சிறு செயலையும் செய்யாது. அவ்வாணைகளின் வரிசையே நிரல். அதனை எழுதுவோர் நிரலர் எனப்படுவர்.

பேரங்காடிக் கணக்கையும் புகைவண்டிச் சீட்டு முறையையும் நடத்தும் நிரல்கள் பல இலட்சம் வரிகள் கொண்டிருத்தல் கூடும். ஆயினும், நிரலரின் அன்றாடப் பணிக்கு உதவுவன பெரும்பாலும் பத்து வரியும் இருபது வரியும் கொண்ட சிறு நிரல்களே. நூறு கோப்புகளின் பெயரை ஒருங்கே மாற்றுவது ஒன்று. நீண்ட பட்டியலில் இருமுறை வந்த பெயரைக் கண்டு நீக்குவது மற்றொன்று. தச்சர் தம் பையில் உளியும் இழைப்புளியும் வைத்திருத்தல் போல, தேர்ந்த நிரலர் இத்தகைய சிறு நிரல்களைத் தொகுத்து வைத்துக்கொள்வர்.

எழுத்தை எண்ணும் நிரல்

சிறு நிரல் ஒன்று செய்யும் பணியை எடுத்துக்காட்டால் அறியலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? த, மி, ழ் என மூன்று என்று தொடக்கப்பள்ளிச் சிறுவனும் கூறுவான். கணிப்பொறியோ ஐந்து என்று விடை கூறும்.

இதற்குக் காரணம் உண்டு. கணிப்பொறி எழுத்தின் வடிவத்தை அறியாது, எண்ணையே அறியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்துத் தரும் பொது முறை ஒருங்குறி எனப்படும். 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. தமிழுக்கென 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ் எழுத்துகள் 247 ஆதலின், ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் தரப்படவில்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரம் ஏறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்தால் க ஆகும் என்பது இலக்கணம். ஒருங்குறியிலோ க என்பதே முதல். அதனோடு புள்ளி சேர்ந்தால் க் ஆகும்.

எனவே, 'தமிழ்' என்பது கணிப்பொறியில் 2980, 2990, 3007, 2996, 3021 என ஐந்து எண்களாக நிற்கின்றது. அவை முறையே த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்பன. இச்சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்புமாறு ஆணையிட்டால், கணிப்பொறி எண்களைத் திருப்பும். புள்ளி முதலில் தனித்து நிற்கும். மகரத்திற்கு உரிய இகரக்குறி ழகரத்தின்மேல் ஏறிவிடும். 'ழ்மித' என்று வரவேண்டியது, புள்ளி தனித்து நிற்க, 'ழிமத' என்று சிதைந்து வரும்.

இக்குறையை நீக்கும் நிரல் மிகச் சிறியது. எண்களை ஒவ்வொன்றாக நோக்குக. வந்தது உயிர்க்குறியோ புள்ளியோ ஆயின், அதனை முன்னுள்ள எழுத்தோடு சேர்க்க. அன்றாயின், அதனைப் புதிய எழுத்தின் தொடக்கமாகக் கொள்க. இவ்வளவே அதன் கருத்து. இதன்படி எண்ணினால் 'தமிழ்' மூன்று எழுத்தாகும். 'புன்னக்காயல்' என்னும் பெயர் கணிப்பொறியில் பன்னிரண்டு எண்களாக நிற்பினும், பு, ன், ன, க், கா, ய, ல் என்னும் ஏழு எழுத்துகளாகப் பிரியும்.

சிறியன கூடிப் பெரியன ஆதல்

சிறு நிரல்களை மதிக்கும் பண்பு, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தோன்றிய யூனிக்சு என்னும் அமைப்பில் சிறந்து விளங்கியது. கென் தாம்சனும் தெனிசு ரிச்சியும் அதனை உருவாக்கினர். ஒவ்வொரு நிரலும் ஒரே பணியைச் செய்தல் வேண்டும். அதனைச் செம்மையாகச் செய்தல் வேண்டும் என்பது அங்குப் பணியாற்றியோரின் கொள்கை. தக்ளசு மெக்கில்ராய் என்பாரின் கருத்துப்படி, 1973-இல் ஒரு நிரலின் விளைவை மற்றொரு நிரலின் வாயிலில் நேரே செலுத்தும் வழி அமைக்கப்பட்டது. அதற்குக் 'குழாய்' என்று பெயர். ஒரு மடையிலிருந்து மறுமடைக்கு நீர் பாய்வது போல, நிரலிலிருந்து நிரலுக்குச் செய்தி பாயும்.

ஒரு நூலில் வரும் சொற்களுக்கெல்லாம் அகரவரிசை அமைக்க வேண்டும் எனக் கொள்வோம். முதல் நிரல் நூலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும். இரண்டாவது, சொற்களை வரிசைப்படுத்தும். மூன்றாவது, ஒரே சொல் எத்தனை முறை வந்தது என எண்ணும். இம்மூன்றையும் குழாயால் இணைத்தால் வேலை முடிந்தது.

ஆயினும், இங்கும் தமிழுக்குரிய இடர் ஒன்று உண்டு. எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வருகின்றது. ஆகவே அது ரகரத்திற்கு முந்தியதாகின்றது. நம் நெடுங்கணக்கிலோ னகரமே இறுதி மெய். இதனால், அகராதியில் 'மரம்' என்பதற்குப் பின் வரவேண்டிய 'மனம்', எண் வரிசையில் அதற்கு முன் வந்துவிடும். வரிசைப்படுத்தும் நிரலுக்குத் தமிழ் நெடுங்கணக்கைத் தனியே கற்பித்தல் வேண்டும். பிறமொழி அறிந்தார் எழுதிய நிரலைத் தமிழுக்கு அப்படியே எடுத்தாள இயலாமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

செய்குறிப்பின் உறுப்புகள்

நிரலை எழுதியவர்க்கு அதன் நுட்பம் அன்று தெளிவாகத் தோன்றும். ஆறு திங்கள் கழிந்த பின்னர் அவரே அதனைப் படித்தால், ஏன் இவ்வாறு எழுதினோம் என்று திகைப்பார். மற்றொருவர் படித்தால் திகைப்பு இரட்டிக்கும். '2965 முதல் 3001 வரை' என்று ஒரு நிரலில் இருப்பதாகக் கொள்வோம். அஃது ககரம் முதல் ஹகரம் வரையுள்ள மெய்களின் எல்லை என்று அருகே ஒரு வரி எழுதியிருந்தால் ஐயம் இல்லை. எழுதாவிடின், அடுத்து வருவோர் அவ்வெண்ணைத் தொடவும் அஞ்சுவர், விடவும் அஞ்சுவர்.

யூனிக்சு அமைப்பின் முதற் கையேடு 1971-இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் பெயர், ஆளும் முறை, விளக்கம், தொடர்புடைய பிற நிரல்கள் ஆகியவை குறிக்கப்பட்டன. அவற்றோடு 'வழுக்கள்' என்னும் தலைப்பில் அந்நிரலின் குறைகளும் குறிக்கப்பட்டன. தாம் செய்த பொருளின் குறையைத் தாமே எழுதி வெளியிடுதல் அரிய பண்பு. குறையை மறைத்தவரின் நிரலைப் பயன்படுத்துவோர் ஏமாறுவர். குறையை எழுதியவரின் நிரலைப் பயன்படுத்துவோர் எச்சரிக்கையோடு நடப்பர்.

பிழையைக் குறித்து வைத்ததற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மார்க்கு 2 என்னும் பெருங்கணிப்பொறி, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் தவறிழைத்தது. ஆய்ந்து பார்த்தபொழுது, அதன் மின்விசையொன்றில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. பணியாளர் அதனை எடுத்தெறிந்துவிடவில்லை. நாட்குறிப்பேட்டில் அதனை ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் பக்கத்திலேயே எழுதினர். பிழையைப் 'பூச்சி' என்று ஆங்கிலத்தில் வழங்குதல் அதற்கு முன்னரே பொறியாளரிடையே இருந்ததாகும். எனினும் அந்த ஏடு அமெரிக்க நாட்டு அருங்காட்சியகத்தில் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது.

மேற்கூறிய எழுத்தெண்ணும் நிரலுக்கு எழுதத்தக்க செய்குறிப்பு பின்வருமாறு அமையும்.

பெயர்: எழுத்தெண்ணி.
பயன்: ஒருங்குறியில் அமைந்த தமிழ்ச் சொல்லின் எழுத்துகளை எண்ணுதல்.
முறை: உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்தல்.
சோதனை: தமிழ் - 3, கொற்கை - 3, புன்னக்காயல் - 7.
குறை: க்ஷ என்பதை இரண்டு எழுத்தாக எண்ணும்.

ஐந்தே வரிகள். ஆயினும், இந்நிரலை எழுதியவர் அருகில் இல்லாதபொழுதும் அவருக்காக இவ்வரிகள் விடை கூறும். சோதனை என்னும் வரி குறிப்பிடத்தக்கது. பின்னர் ஒருவர் நிரலைத் திருத்தினால், அம்மூன்று சொற்களையும் மீண்டும் கொடுத்துப் பார்ப்பார். விடை மாறினால் திருத்தத்தில் தவறு நேர்ந்துள்ளது என்பது உடனே புலனாகும். குறிப்பு எழுதிய நாளும் உடனிருத்தல் நன்று. ஶ என்னும் எழுத்து 2005-இல்தான் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது. மெய்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு அதற்கு முன் எழுதிய நிரலில் அவ்வெழுத்து இல்லாமை பிழையன்று, காலத்தின் இயல்பு. நாள் குறித்திருந்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

குறிப்பு இன்மையால் நேரும் கேடு

ஒருங்குறி பரவுவதற்கு முன், 1980-களிலும் 1990-களிலும் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றியோர் பலர். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துக்கு எண் வகுத்தனர். ஓர் எழுத்துருவில் ககரத்தைக் குறித்த எண், மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்தைக் குறித்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால், கதையும் கட்டுரையும் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றின.

இக்குழப்பத்தை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். உலகெங்கும் உள்ள தமிழர் கூடித் 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு, டாம், டாப் என்னும் இருமுறைகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. 2010-இல் ஒருங்குறியே அரசின் பொது முறையாக அறிவிக்கப்பட்டது. அச்சுப் பணி போன்றவற்றிற்கு 'டேஸ் 16' என்னும் முறையும் உடன் ஏற்கப்பட்டது.

ஆயினும், பழைய கோப்புகள் தாமே மாறிவிடா. அவற்றை மாற்ற ஒரு நிரல் வேண்டும். அந்நிரலுக்குப் பழைய எழுத்துருவின் எண் அட்டவணை வேண்டும். திஸ்கி போன்ற முறைகளில் 'கெ' என்பது கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே, கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னும் நிற்கும். ஆகவே, மாற்றும் நிரல் எண்ணை மாற்றுவதோடு அமையாது. இடத்தையும் மாற்றுதல் வேண்டும். ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தோடு ஒத்திருத்தலால் மற்றுமோர் ஐயம் எழும். ளகரத்தின்மேல் உயிர்க்குறி வந்தால், 'கெளிறு' என்பதிற்போல, அதனைத் தனியெழுத்தாகக் கொள்ளலாம். குறி வாராவிடின் 'சௌந்தரம்' என்பதிற்போல ஔகாரம் எனக் கொள்வது பெரும்பாலும் பொருந்தும். அருகிய சில சொற்களைக் கண்ணால் கண்டே திருத்துதல் வேண்டும். இத்தகைய நுட்பங்களையெல்லாம் ஒருவர் பட்டறிந்து எழுதி வைத்திருந்தால் மற்றவர் ஒரு நாளில் கற்பர்; எழுதி வைக்காவிடின் ஒவ்வொருவரும் புதிதாக இடறி விழுந்து கற்பர்.

எண் அட்டவணை எழுதி வைக்கப்பெற்று வெளியிடப்பட்ட முறைகளில் அமைந்த நூல்கள் பிழைத்தன. மதுரைத் திட்டம் இதற்குத் தக்க சான்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்சுனனும் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அதனைத் தொடங்கினர். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் தட்டச்சுச் செய்து அனைவர்க்கும் விலையின்றி வழங்குவது அதன் நோக்கம். தொடக்கத்தில் திஸ்கி முறையில் வெளியான நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. ஓலையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து கணிப்பொறிக்கும் வந்த இலக்கியம், குறியீட்டு முறை மாறியபொழுது அழிந்துபோகாமைக்கு, அட்டவணையும் அதனை அறிந்து மாற்றிய நிரல்களுமே காரணம். அட்டவணை வெளியிடப்படாத எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளோ, பூட்டு இருக்கத் திறவுகோல் தொலைந்த பெட்டியாயின. அவற்றைத் திறக்க விரும்புவோர், அச்சிட்ட தாளையும் கோப்பையும் ஒப்பிட்டு, எழுத்து எழுத்தாக அட்டவணையை மீட்டெடுத்தல் வேண்டும்.

பகிர்தலின் பயன்

தமக்கென எழுதிய சிறு நிரல்களைப் பிறர்க்கும் வழங்குதல் இன்று நிரலரிடையே பரவியுள்ள நல்வழக்கு. முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்பது அத்தகைய தொகுப்பு. பைத்தான் என்னும் நிரல்மொழியில் அமைந்த அத்தொகுப்பில், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தல், தமிழ் முறைப்படி வரிசைப்படுத்தல், பழைய குறியீட்டு முறைகளை ஒருங்குறியாக்கல் முதலிய கருவிகள் உள்ளன. யாரும் அதனை எடுத்து ஆளலாம். உள்ளே திறந்து படிக்கலாம். குறை கண்டால் திருத்தலாம். தமிழ்ச் சொற்களாலேயே ஆணையிடத்தக்க 'எழில்' என்னும் நிரல்மொழியையும் அவர் உருவாக்கினார். அதனைப் பற்றிய அவருடைய கட்டுரை 2009-இல் வெளிவந்தது.

பொதுத் தொகுப்பில் ஒரு நிரலைச் சேர்ப்பவர், அதனோடு குறிப்பையும் சேர்த்தல் கடமையாகும். குறிப்பில்லாத நிரல் பெயரிடாத மருந்துப் புட்டியை ஒக்கும். அதன் ஆற்றல் பெரிதாயினும், அறியாதவர் அதனை எடுத்து உண்ணத் துணியார். துணிந்தாலும் தீங்கு நேரும்.

இக்காலத்தில் மாணவர் பலர் பள்ளியிலேயே நிரல் எழுதக் கற்கின்றனர். அவர் முதலில் எழுதுவது பத்து வரி நிரலாகவே இருக்கும். அதனைச் சிறிதென்று இகழ்தல் வேண்டா. அதன் தலைப்பில் பெயரையும் பயனையும் எழுதி, சோதித்த சொற்களைக் குறித்து, அறிந்த குறையை மறைக்காது சேர்த்து, நாளிட்டு வைப்பாராயின், அது மற்றொருவர்க்கும் கருவியாகும்.

புன்னக்காயலில் அண்டிரிக் அடிகளார் குறிப்பு எழுதியபொழுது, ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அறிஞர் அதனைப் படித்து ஆராய்வர் என அவர் எண்ணியிருத்தல் இயலாது. தமக்குப் பின் அக்கரைக்கு வருவோர் எளிதிற் கற்றல் வேண்டும் என்பதே அவர் கருத்து. அன்று கடற்கரை மக்கள் தமிழைப் பேசிய வகையை இன்று அறிதற்கு அக்குறிப்பே துணையாய் நிற்கின்றது. அடுத்து வருவோரின் பொருட்டு உண்மையாக எழுதப்பட்ட குறிப்பு, எழுதியவர் எண்ணாத பயனையும் காலங்கடந்து தரும்.